உப்பு சரியான தலை

மாதிரிக்காரர் என்றோர் இனம் நம்மிடையே வாழ்ந்து வருகிறது. கொண்டையோ வாலோ கிடையாது; நம்மைப் போலவே வேட்டி கட்டுகிறது, நம்மைப் போலவே காபி குடிக்கிறது. ஆகவே தெருவில் வைத்து அடையாளம் காண முடியாது. ஆனால் ஒரு காரியத்தை அதன் கையில் கொடுத்துப் பாருங்கள். வீடு கட்ட வேண்டுமென்றால், மனையை அளப்பதற்கு முன்பே அட்டையை வெட்டிப் பசை தடவி முழ உயரத்தில் ஒரு வீடு செய்து, அதன் ஜன்னலில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்து, காற்று நன்றாக வருகிறது என்று சொல்லி, வர்ணமும் பூசிவிடுவார் மாதிரிக்காரர். பிறகு கொத்தனார் செங்கல்லில் நிஜ வீட்டைக் கட்டி முடிப்பார். இரண்டிலும் ஒரு சுவர் ஒத்துப்போகாது. தப்பு எதில்? செங்கல்லில்தான். அட்டையில் தப்பு வர வழியே இல்லை; அதை அவரல்லவா செய்தார்!

இந்த இனத்தின் ஒரு கிளை தையற்காரர்களிடையே இருக்கிறது. அளவுச் சட்டை கொடுத்துப் புதுச் சட்டை தைக்கச் சொல்லுங்கள். வயிற்றில் பிடிக்கிறது என்று அதைத் திருப்பிக் கொண்டுபோங்கள். அவர் அளவுச் சட்டையை எடுத்துப் புதுச் சட்டையின்மேல் விரித்து, நாலு பக்கமும் நீவிக் காட்டி, "சட்டை சரியாத்தான் சார் இருக்கு, நீங்கதான் மாறிட்டீங்க" என்பார். நீங்கள் வயிற்றை எக்கிக்கொண்டு வீடு திரும்புவீர்கள். அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருப்பதுதான் எரிச்சல்.

ஆனால் தையற்காரரெல்லாம் இந்த இனத்தின் குஞ்சு குளுவான்கள். முழு வளர்ச்சி பெற்ற ஒருவரைப் பார்க்க வேண்டுமானால், புதுச்சேரிக்கு, அங்கே கொடி மாறிய மறு வருஷத்துக்கு வரவேண்டும். பெயர் பிரகாசம். பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலிருந்தே ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பித்தவர் ஆகையால் ஊர் அவரை முசியே பிரகாசம் என்றது. கொடி மாறிய பிறகும் முசியே மாறவில்லை. ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு கவராயம், வாயில் எப்போதும் ஒரே வாக்கியம்: "முதல்ல மாதிரியில பாத்துடுவோம்."

அவருடைய மனைவி அகஸ்டினாவுக்கு இந்த விஷயம் கோயில் பீடத்தின் முன்னால் வைத்தே தெரிந்துபோயிற்று. திருமணத்துக்கு முந்தின வாரம் முழுவதும் பிரகாசம் ஒரு மெழுகுவர்த்திக்கு மோதிரம் போட்டுப் பழகியிருக்கிறார். அன்றைக்குச் சாமியார் முன்னிலையில் மோதிரம் அவள் விரல் கணுவில் நின்றுவிட்டது. மாப்பிள்ளை குனிந்து பெண்ணின் காதருகே முதன்முதலாக ஒரு வார்த்தை சொன்னார்: "மெழுகுவத்தியில சரியா எறங்குச்சே." தன் விரல்தான் பெரிய குற்றம் செய்துவிட்டது போலிருந்தது அகஸ்டினாவுக்கு. அவளும் விரலைக் கொஞ்சம் மடக்கிக் கொடுத்தாள். இல்லறம் என்பது அதுதானே?

இருபது வருஷம் அப்படி மடக்கிக் கொடுத்தே போயிற்று. அட்டைக் கோழிக்கூடு, களிமண் கிணறு, வாழை நாரில் செய்த கொசுவலை என்று வீட்டுக்குள் ஒரு குட்டி ஊரே சேர்ந்துவிட்டது. அவள் பெருக்கும்போது அந்த ஊரைத் தூக்கி வைத்துவிட்டுப் பெருக்குவாள். கோபம் வந்தது உண்டு, ஆனால் தாங்கமுடியாத கோபம் வந்ததில்லை. தம்பியின் விஷயம் வரும் வரைக்கும்.

அவளுக்கு உடன்பிறந்தது கிறிஸ்துதாஸ் ஒருவன்தான். தாயும் தகப்பனும் போன பிறகு அவள்தான் வளர்த்தாள், படிக்க வைத்தாள். எல்லையில் சுங்கச் சாவடி இருந்த காலத்தில் அவன் அங்கே சிப்பந்தி. வருகிற வண்டியை நிறுத்தி, "எங்கேருந்து வர்றீங்க, எங்க போறீங்க, பையில இன்னா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பது அவன் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அதே வழக்கம். அக்கா முந்தானையில் முடிந்திருப்பது என்னவென்றுகூட விசாரிப்பான். எல்லை போயிற்று, சாவடியையும் எடுத்துவிட்டார்கள். சர்க்கார் அவனைக் கைவிடவில்லை. ஓர் அலுவலகத்தில் ஒரு நாற்காலி கொடுத்து உட்காரச் சொன்னது. உட்கார்ந்தான். கேட்பதற்கு ஒரு கேள்வியும் இல்லை. அதனால்தானா, வேறெதனாலுமா, யாருக்கும் தெரியாது. அந்த ஈஸ்டருக்குப் பிறகு அவன் பேசுவதை நிறுத்திவிட்டான். பிறகு வேலைக்குப் போவதை. பிறகு சாப்பிடுவதையும் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்த ஆரம்பித்தான். அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். ஊட்டினால் வாயை மூடிக்கொள்வான். இவன் இப்படியே செத்துப்போய்விடுவான் என்று அகஸ்டினாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சக்கரபாணி என்று ஒருவர் சென்னையிலிருந்து புதிதாக வந்திருந்தார். தலையில் மின்சாரம் வைக்கும் இயந்திரத்தைக் கையாளத் தெரிந்தவர்.

"பயப்படாதீங்கம்மா," என்றார் அவர். "ரெண்டு நெத்திப்பொட்டுலயும் தகடு வச்சு, ஒரே ஒரு நொடி கரண்டு. வாரத்துக்கு ரெண்டு தடவை, ஒரு மாசம். இப்படி வாய் மூடிப்போனவங்களுக்கு நல்லாக் கொணமாவறதை நானே பாத்திருக்கேன். அடுத்த வாரமே ஆரம்பிக்கலாம்."

அகஸ்டினா கையெடுத்துக் கும்பிட்டாள். பிரகாசம் கவராயத்தை எடுத்தார்.

"எவ்வளவு கரண்டு?"

டாக்டர் சொன்னார்.

"அது வாசல்ல. உள்ளே எவ்வளவு?"

"உள்ளேன்னா?"

"மூளையில. மேல தோல் இருக்கு, அதுக்குக் கீழ எலும்பு இருக்கு. நீங்க வைக்கிறதெல்லாம் உள்ள போவுதா, தோலோட சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போயிடுதா?"

டாக்டர் நேர்மையான மனிதர். நேர்மையான மனிதர்களால் குடும்பங்களுக்கு எவ்வளவு தொல்லை பாருங்கள். அவர் சற்று யோசித்து, "உயிரோட இருக்கிறவன் தலைக்குள்ள கம்பியை விட்டு இங்க யாரும் அளந்து பாக்கலையே முசியே" என்றார்.

கேள்வி நல்ல கேள்வி. அதைச் சொல்லத்தான் வேண்டும். மாதிரிக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதுமே நல்ல கேள்வியாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு அவர்களைத் தடுக்க முடியாமல் போவது அதனால்தான். "உயிரோட இருக்கிறவன்ல முடியாது. சரி," என்றார் பிரகாசம், முகம் மலர்ந்து. "முதல்ல மாதிரியில பாத்துடுவோம்."

முதல் தலை ஒரு பூசணிக்காய். இரு பக்கமும் செப்புத் தகடு வைத்துக் கட்டி, உள்ளே இரண்டு கம்பிகளைச் செருகி, பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த டிரான்ஸ்பார்மரோடும் மீட்டரோடும் இணைத்து, "அத்தான்சியோன்!" என்று கத்தினார். ஜாக்கிரதை என்பதற்கு அது பிரெஞ்சு. அந்தச் சத்தம் கேட்டால் வீட்டிலுள்ள எல்லோரும் செய்துகொண்டிருக்கும் வேலையிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும் என்பது கட்டளை. மின்சாரமெல்லாம் அவர் பிடித்திருக்கும் கம்பியில், அடுப்பங்கரையில் கரண்டி பிடித்திருக்கும் அகஸ்டினா எதற்குக் கையை எடுக்க வேண்டும் என்று அவளுக்கும் தெரியாது, எடுத்தாள். பூசணிக்கு எலும்பு இல்லை என்று அன்று சாயங்காலம் தெரியவந்தது. அடுத்தது தேங்காய். ஓடு இருக்கிறது, உள்ளே ஈரம் இருக்கிறது, கண்கள்கூட ஒன்று அதிகமாகவே இருக்கின்றன. ஆனால் நெற்றிப்பொட்டு எங்கே என்று சொல்ல முடியவில்லை.

ஆகவே அரியாங்குப்பத்துச் சாமிக்கண்ணு வந்தார். கோயில்களுக்குச் சுரூபம் செய்பவர், மாவுச் சுண்ணாம்பில், அதாவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில், கை தேர்ந்தவர். அவரிடம் அச்சு இருந்ததோ அர்ச்சிஷ்டவர்களுக்கு, அதாவது புனிதர்களுக்கு மட்டும். "சூசையப்பர் தலை ஒண்ணு ரெடியா இருக்கு முசியே, எடுத்துக்குங்களேன்" என்றார். பிரகாசம் அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தாடி மின்சாரத்தின் போக்கைக் கெடுக்கும் என்று சொல்லிவிட்டார். யாருக்கு வைத்தியமோ அவர் தலையைத்தான் அச்செடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

கிறிஸ்துதாஸை நாற்காலியில் சாய்த்தார்கள். சாமிக்கண்ணு முகம் முழுக்க எண்ணெய் தடவி, மூச்சு விடுவதற்கு மூக்கில் இரண்டு பப்பாளிக் காம்பைச் செருகி, குழைத்த சுண்ணாம்பை அப்பினார். யாராயிருந்தாலும் திமிறியிருப்பார்கள். இவன் அசையவில்லை. "இந்த மாதிரி ஒரு ஆளு எனக்குக் கெடச்சதே இல்ல," என்று மெச்சினார் சாமிக்கண்ணு. வெள்ளையாகிவிட்ட தம்பியின் முகத்தைப் பார்த்த அகஸ்டினா சிலுவை போட்டுக்கொண்டு கொல்லைப்புறம் போய் அழுதாள். மூச்சு வருகிறதா என்று பார்க்க உடனே திரும்பியும் வந்தாள்.

தலை அற்புதமாக அமைந்தது. சுண்ணாம்பில் மண்டையோடு, அதற்கு மேல் தோலுக்குப் பதிலாக உப்புத் தண்ணீரில் நனைத்த காடாத் துணி, உள்ளே மூளை. மூளை எதனால் என்கிறீர்களா? கடல்பாசியால். கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சித் தட்டில் ஊற்றி வில்லை போடுவோமே, அதே கடல்பாசிதான்; சர்க்கரைக்குப் பதில் உப்பு. உப்புதான் சூட்சுமம். மூளையின் ஈரத்தில் எவ்வளவு உப்போ அவ்வளவு உப்பு இருந்தால்தான் மின்சாரம் இதையும் மூளை என்று நம்பும். ஒரு சிட்டிகை கூடினால் ஏமாறாது, குறைந்தால் ஏமாறாது. பிரகாசம் தராசில் நிறுத்துப் போட்டார், முள்ளைப் பார்த்தார், மறுபடியும் நிறுத்தார்.

காய்ச்சியது யார்? அகஸ்டினாதான். புதுச்சேரி வெயிலில் கடல்பாசி மூளை எத்தனை நாள் தாங்கும்? கசியும், நாறும், எறும்பு வரும். உடனே பழைய மூளையைக் கொட்டிப் புது மூளை காய்ச்ச வேண்டும். "அகஸ்டினா, மூளை அடுப்புல இருக்கா?" என்று பிரகாசம் கேட்பது தெருவரைக்கும் கேட்கும். வழியில் போகிறவர்கள் கொஞ்சம் வேகமாக நடப்பார்கள். சமையலுக்கு வைத்திருந்த உப்பு ஜாடி சாப்பாட்டு மேசைக்குக் குடிபெயர்ந்து தலையின் பக்கத்தில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது.

மேசையின் ஒரு பக்கத்தில் சுண்ணாம்புக் கிறிஸ்துதாஸ், மறு பக்கத்தில் நிஜக் கிறிஸ்துதாஸ். இருவரும் பேசவில்லை. ஆனால் ஒருவரிடம் மட்டும் பிரகாசம் பேசினார். காலையில் எழுந்ததும், "எப்படி இருக்கே, ராத்திரி கசிஞ்சியா?" என்று தலையைத் தடவிப் பார்ப்பார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் துணி காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து நனைத்துவிடுவார். பக்கத்து வீட்டு இருதயமேரி ஒருநாள் நோயாளியைப் பார்க்கச் சாத்துக்குடியோடு வந்தாள்.

"இப்ப எப்படிண்ணே இருக்கு?"

"நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை," என்றார் பிரகாசம் தலையைக் காட்டி. "வலப்பக்கம் கொஞ்சம் தொளதொளன்னு இருந்துச்சு. இப்ப இறுகிடுச்சு."

இருதயமேரி சாத்துக்குடியை எந்தக் கிறிஸ்துதாஸின் முன்னால் வைப்பது என்று தெரியாமல் நடுவில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் போயிற்று, ஜூலை போயிற்று. அகஸ்டினா கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: "இன்னும் ஒரு அளவு பாக்கி." நிஜத் தலையின் கன்னம் ஒட்டிப்போய்க்கொண்டே வந்தது. கழுத்தெலும்பு எழும்பி நின்றது. அவளுக்குத் தூக்கம் போயிற்று. கடைசியில் புருஷனுக்குத் தெரியாமல் டாக்டருக்கே சொல்லியனுப்பினாள். டாக்டர் சக்கரபாணி ஒரு ஞாயிற்றுக்கிழமை கோபமாகவே வந்தார்.

"முசியே, நீங்க படிச்சவரு. இப்படியே போனா மூக்குல குழாய் விட்டுத்தான் கஞ்சி ஊத்தணும். எங்க அவன்?" என்றவரின் கண் மேசைமேல் போயிற்று. "இது என்ன?"

அந்த இரண்டு வார்த்தையோடு அவருடைய கோபம் முடிந்தது. அகஸ்டினா காபி போட்டு எடுத்து வந்தபோது, டாக்டர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுத் தலைமேல் குனிந்திருந்தார். "தகட்டைக் கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க... இப்ப பாருங்க முள்ளை... அடேடே!" என்று கேட்டது. பிரகாசம் "அத்தான்சியோன்!" என்றார். டாக்டர் கையை எடுத்தார். அகஸ்டினாவும் பழக்கத்தில் கையை எடுத்தாள். காபி தரையில் கொட்டியது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த நிஜ நோயாளியின் கால்மேல் இரண்டு துளி தெறித்தது. அவன் காலைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டான். டாக்டரோ மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசற்படி இறங்கின பிறகுதான் டாக்டருக்கு ஏதோ மறந்தது போலிருந்தது. திரும்பி வந்து, "ஆமா, பேஷண்ட் சாப்பிடுறானா?" என்றார். இது தொற்றும் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அன்றைக்குத்தான் அகஸ்டினா விரலை மடக்க மறுத்தாள். "இத பாருங்க," என்றாள். "மாதா திருநாள் முடிஞ்ச மறுநாள் நான் எந் தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். ஒங்க தலை ரெடியானாலும் சரி, ஆவலைன்னாலும் சரி. அவன் போயிட்டான்னா, அந்தச் சுண்ணாம்பையா நான் தம்பின்னு கட்டிக்கிட்டு அழுவேன்?"

பிரகாசம் அதிர்ந்துபோனார். அவள் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. ஆனாலும் மாதிரிக்காரரின் அதிர்ச்சி எந்தத் திசையில் ஓடும்? தலையிடம்தான். அப்படியானால் கடைசியாக ஒரு முறை மாதிரியையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டியதுதான் என்று கவராயத்தை எடுத்தார். சுண்ணாம்புக் கன்னத்தை அளந்தார். நிஜக் கன்னத்தை அளந்தார். மறுபடியும் அளந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அகஸ்டினா! தாசு மாதிரிக்கு ஒத்துவரலை!"

நெற்றிப்பொட்டு உள்ளே போயிருந்தது, கன்னத்தில் குழி விழுந்திருந்தது. ஜூன் மாதத்துக் கிறிஸ்துதாஸுக்குச் செய்த தலை ஆகஸ்ட் மாதத்துக் கிறிஸ்துதாஸுக்குப் பொருந்தவில்லை. இத்தனை நாள் அளந்ததெல்லாம் வீண். இப்போது இரண்டே வழிகள்: புதிதாக ஒரு தலை செய்ய வேண்டும், அல்லது இருக்கிற மனிதனைப் பழைய தலைக்குத் தகுந்தபடி கொண்டுவர வேண்டும். திருநாளுக்கு அதிக நாள் இல்லை. நம்மவர் விஞ்ஞான முறைப்படி யோசித்து, சுலபமான வழியைத் தேர்ந்தெடுத்தார். மைத்துனனைச் சாப்பிட வைப்பது.

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தார். அகஸ்டினா ஊட்டும்போது என்ன நடக்கும்? அவன் வாயை மூடுவான், அவள் கெஞ்சுவாள், அழுவாள், அவன் இன்னும் மூடிக்கொள்வான். பிரகாசம் கெஞ்சவில்லை. மீட்டரின் முள் ஆடி அடங்கும் வரை மூச்சுக்கூட விடாமல் காத்திருந்து பழகியவர் அவர். கரண்டியை உதட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். கை மரத்தால் மறு கைக்கு மாற்றிக்கொண்டார். கஞ்சி ஆறினால் சுடவைத்துக்கொண்டு வந்தார். அவசரமே இல்லை. கடைசியில் முள் நகர்ந்தது. உதடு கொஞ்சம் திறந்தது. ஒரு கரண்டி. பிறகு கவராயம். பிறகு இன்னொரு கரண்டி.

அடுப்பங்கரைக் கதவோரத்தில் நின்று அகஸ்டினா இதைப் பார்த்தாள். இந்த மனிதரைத் திட்டுவதா, காலில் விழுவதா என்று தெரியவில்லை அவளுக்கு. அவர் தம்பிக்காகச் செய்யவில்லை, சுண்ணாம்புக் கன்னத்துக்காகச் செய்கிறார் என்பது தெரிந்துதான் இருந்தது. எதற்காகச் செய்தால் என்ன, வாய் திறக்கிறதல்லவா? முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேளைக் கஞ்சிக்கு அரிசி களைந்தாள். ஒரு வாரத்தில் கன்னக்குழி கொஞ்சம் மேடிட்டது. "வருது, வருது, மாதிரிக்கு வருது" என்று பிரகாசம் தலையிடம் போய்ச் சொன்னார்.

மாதா திருநாள் வந்தது. காலைப் பூசைக்கு அகஸ்டினா கோயிலுக்குப் போய்விட்டாள். அன்றைக்குக் கடைசி அளவு. பிரகாசமே அடுப்பு மூட்டி, ஒரு பக்கம் மூளையும் மறுபக்கம் கஞ்சியுமாக வைத்தார். ஜாடியில் இருந்த உப்பு முழுவதையும் தராசில் கொட்டி, மூளைக்கு வேண்டியதை நிறுத்துப் போட்டார். அதற்கே சரியாய்ப் போயிற்று; ஜாடி காலி. தலைக்குள் ஊற்றிய மூளை இறுகும் வரை சும்மா இருப்பானேன் என்று கஞ்சிக் கிண்ணத்தோடு மைத்துனனின் எதிரில் உட்கார்ந்தார்.

முதல் கரண்டி உள்ளே போயிற்று. கிறிஸ்துதாஸ் விழுங்கவில்லை. வாயில் வைத்துக்கொண்டிருந்தான். புருவம் சுருங்கியது. மெதுவாக விழுங்கினான். பூசை முடிந்து வந்த அகஸ்டினா அப்போதுதான் தலையில் முக்காட்டோடு வாசற்படியில் கால் வைத்தாள்.

"மாமா," என்றான் கிறிஸ்துதாஸ். குரல் துருப்பிடித்த கீல் போலக் கரகரத்தது. "உப்பு இல்ல."

அகஸ்டினா கதவைப் பிடித்துக்கொண்டாள். ஈஸ்டரிலிருந்தே மாதாவிடம் அவள் கேட்டுக்கொண்டிருந்த குரல். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஓடினால் நின்றுவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

பிரகாசமும் அசையவில்லை. கரண்டி அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தார். எழுந்தார். மேசையின் மறு பக்கம் போனார். சுண்ணாம்புத் தலையில் இரண்டு கம்பிகளைச் செருகி, "அத்தான்சியோன்!" என்று சொல்லி, முள்ளைக் கவனமாகப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"உப்பு சரியாத்தான் இருக்கு தாசு," என்றார். "இப்பத்தான் பாத்தேன்."

கிறிஸ்துதாஸ் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினான். அந்தத் தலையைப் பார்த்தான். அது தன்னைப் போலவே இருப்பதை அன்றுதான் கவனித்தவன் போல நெடுநேரம் பார்த்தான். பிறகு மாமாவைப் பார்த்தான்.

"அதுக்குச் சரியா இருக்கு," என்றான். "எனக்கு இல்ல."

அகஸ்டினா ஜாடியைப் பார்த்தாள், அது காலி என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். "மேரி, ஒரு கை உப்பு குடு, எந் தம்பி கேக்கறான்!" என்று அவள் அழுதுகொண்டே கேட்டதும், இருதயமேரி ஒன்றும் புரியாமல் பயந்துபோய் ஒரு படி உப்பைக் கொட்டினாள். பொழுது காலையாக இருந்தது நல்லதாயிற்று. விளக்கு வைத்த பிறகு யார் வீட்டிலும் உப்பு தரமாட்டார்கள். கிறிஸ்துதாஸ் அந்தக் கிண்ணத்தை முடித்தான். அக்கா அதுவரை அவன் தலைமேல் வைத்த கையை எடுக்கவே இல்லை.

ஒரு வாய்க் கஞ்சியால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாளே அவன் மறுபடி சுவரைப் பார்க்கத் திரும்பினான். அகஸ்டினா சொன்ன சொல் தவறாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே டாக்டர் ஒரு புதுமை செய்தார். நோயாளியிடமே, "வைக்கட்டுமா?" என்று கேட்டார். கிறிஸ்துதாஸ் யோசித்து, "வலிக்குமா?" என்று திருப்பிக் கேட்டான். வாயை மூடிக்கொண்ட பிறகு அவன் கேட்ட முதல் கேள்வி அது. ஒரு மாத வைத்தியத்தில் அவன் தேறினான். கிறிஸ்துமஸுக்குள் அலுவலகத்துக்குப் போய், பக்கத்து நாற்காலிக்காரரின் சாப்பாட்டுத் தூக்கில் என்ன இருக்கிறது என்று விசாரிக்கவும் ஆரம்பித்துவிட்டான்.

பிரகாசத்தின் ஆராய்ச்சியும் வீண்போகவில்லை. வைக்கிற மின்சாரத்தில் பாதிக்கு மேல் தோலோடு சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுகிறது, எலும்பு தாண்டி உள்ளே போவது கொஞ்சம்தான் என்று கண்டுபிடித்து டாக்டரிடம் சொன்னார். "அதனாலதானே முசியே அவ்வளவு வைக்கிறோம்," என்றார் டாக்டர். நல்ல மனிதர், ஆனாலும் இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

தலையை அகஸ்டினா சாமிக்கண்ணுவிடமே திருப்பிக் கொடுத்தாள். அவர் அதற்கு ஓர் உடம்பு செய்து, வர்ணம் பூசி, கிறிஸ்துமஸ் குடிலில் ஆட்டிடையராக நிறுத்திவிட்டார். அந்த வருஷம் கோயிலில் குழந்தை யேசுவைப் பார்த்துக் கும்பிட்ட இடையர்களில் ஒருவருக்கு மட்டும் இரண்டு நெற்றிப்பொட்டிலும் துளை இருந்தது. கிறிஸ்துதாஸ் அவர் முன்னால் நின்று, "எங்கேருந்து வர்றீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். அக்காவும் சிரித்தாள். பிரகாசம் சிரிக்கவில்லை. இடையரின் கன்னத்தையும் மைத்துனன் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்து, "இப்ப கொஞ்சம் பெருத்துட்டான்" என்று வருத்தப்பட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் மனைவிக்கு ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். பிரித்தால் கடல்பாசி, சர்க்கரை போட்டது. மாதக்கணக்கில் அந்த நாற்றத்தில் வெந்தவள் அவள். கண்ணில் பட்டாலே குமட்டிக்கொண்டு வரும்.

"எனக்கு எதுக்கு இது?"

"ஒனக்குத்தான் கடல்பாசின்னா உசுராச்சே," என்றார் பிரகாசம் அன்பாக.

எங்கே பார்த்து அளந்து சொன்னார்? அவர் தலைக்குள் ஓர் அகஸ்டினா இருக்கிறாள். மெழுகுவர்த்தி காலத்தில் செய்த அகஸ்டினா. கசிவதில்லை, மாறுவதில்லை, விரலை மடக்கிக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். அவளைக் கேட்டுத்தான் வாங்கி வந்தார். பக்கத்தில் நடந்து வந்தவளைக் கேட்கவில்லை. நிஜ அகஸ்டினா பொட்டலத்தை அவர் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு நடந்தாள்.

நல்லவேளை, நாம் அப்படியில்லை. நம் வீட்டில் உள்ளவர்களுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது, கேட்டால் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி, அதனால்தானே கேட்பதில்லை? இதைப் படித்துக்கொண்டே வந்தபோது, "அட, இது அச்சு அசல் அவர்தான்!" என்று ஒருவரை நினைத்துச் சிரித்தீர்களே, அந்த மனிதரிடம்தான் இதை ஒரு முறை படிக்கக் கொடுத்துப் பாருங்கள். அவரும் சிரிப்பார். யாரை நினைத்துச் சிரித்தார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.